மின் சிகரெட்டில் ஆவி குறைவாக வருகிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் வேப்களை, அதாவது மின் சிகரெட்டுகளை, விற்கத் தடை வந்துவிட்டது. அதுவரை கடையில் ஒன்றை வாங்கி, உறையைப் பிரித்து, அப்படியே வாயில் வைத்து இழுத்துப் பழகியவர்கள் பலர் இப்போது ஜூஸ் என்ற திரவத்தை ஊற்றி, சார்ஜ் போட்டு, அதை ஆவியாக்கும் காயில் என்ற பகுதியை மாற்றிப் பயன்படுத்தும் பாட் சாதனத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது."

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. பல வருஷமாக சிகரெட் பிடித்த ஒருவர், இனி வேண்டாம் என்று முடிவெடுத்து, காசு கொடுத்து ஒரு சாதனம் வாங்கி, மூன்றாம் நாள் அதில் ஆவி வராமல் போனால் அவர் கை நேராகப் போவது பழைய சிகரெட் பெட்டிக்குத்தான். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் அப்படித் திரும்பிப் போனார்கள், அதுவும் இரண்டு மூன்று பவுண்டுக்குக் கிடைக்கும் ஒரு காயிலை மாற்றத் தெரியாததால். அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேப் சட்டப்படி விற்கப்படும் நாட்டில் இருக்கும், 18 வயது தாண்டிய, சிகரெட்டைக் கைவிட இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு. இங்கே சொல்லும் அளவுகளும் விதிகளும் பிரிட்டனுக்கு உரியவை. சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்; சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்று இங்குள்ள தேசிய சுகாதார சேவை சொல்கிறதே தவிர, தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2019இல் வந்த சட்டப்படி மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம், ஆகவே அங்கிருந்து படிப்பவர்களுக்கு இது வழிகாட்டி அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பாட் என்பது ஜூஸ் நிற்கும் சின்னத் தொட்டி. பிரிட்டனில் அது 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது. அதன் அடியில் காயில் இருக்கிறது, அதாவது ஒரு மெல்லிய கம்பிச் சுருள், அல்லது இப்போது அதிகம் வரும் வலை போன்ற தகடு. அதைச் சுற்றிப் பஞ்சு. அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல இந்தப் பஞ்சு ஜூஸை இழுத்துக் கம்பியிடம் கொண்டுவருகிறது, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் கம்பியைச் சூடாக்குகிறது, பஞ்சில் இருக்கும் ஜூஸ் ஆவியாகிறது, நீங்கள் இழுக்கும் காற்று அதை வாய்க்குக் கொண்டுவருகிறது.

ஆக மின்சாரம், கம்பி, பஞ்சில் ஜூஸ், காற்று, இந்த நான்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். ஆவி குறைந்தால் இந்த நான்கில் ஏதோ ஒன்று தடைபட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த தடவை திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் என்ன மாதிரிக் குறைவு என்று கவனியுங்கள்

சாதனத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள், நாக்கும் காதும் கண்ணும் மூன்றும் வேலை செய்யட்டும்.

தொண்டையில் கருகிய சுவை, கூடவே ஆவியும் குறைவு என்றால் பஞ்சு காய்ந்திருக்கிறது. இழுக்கும்போது உள்ளே களகளவென்று சத்தம், நாக்கில் ஜூஸ் துளிகள் தெறிப்பது, ஆவி ஈரமாகவும் குறைவாகவும் இருப்பது, இதெல்லாம் காயிலுக்குள் ஜூஸ் தேவைக்கு மேல் புகுந்துவிட்டதன் அடையாளம். சுவை சுத்தமாக இருக்கிறது, கருகல் இல்லை, சத்தமும் இல்லை, ஆனால் ஆவி மட்டும் சவசவ என்று ஆறிப்போய் வருகிறதா? அப்படியானால் மின்சாரத்தில்தான் குறை இருக்க வேண்டும், அல்லது காற்று வழி தேவைக்கு மேல் திறந்திருக்கிறது.

நான்காவது, எதுவுமே வரவில்லை. இந்த இடத்தில் விளக்கைப் பாருங்கள். இழுக்கும்போது விளக்கு எரிகிறது, ஆவி இல்லை என்றால் பேட்டரி தன் வேலைக்குத் தயாராக இருக்கிறது, பாடுக்கும் பேட்டரிக்கும் இடையிலான தொடர்போ காயிலோதான் பழுது. விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜ் இல்லை, அல்லது நீங்கள் இழுப்பது சாதனத்துக்குத் தெரியவில்லை. விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தால் சாதனம் ஏதோ சொல்லப் பார்க்கிறது. எத்தனை மினுக்கலுக்கு என்ன அர்த்தம் என்பது ஒவ்வொரு சாதனத்துக்கும் மாறும், பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு, கீழே சொல்வதைச் செலவில்லாததிலிருந்து செலவுள்ளது நோக்கி வரிசையாகப் பாருங்கள்.

ஒரு நிமிடத்தில் முடிகிறவை

புது சாதனம் என்றால் பாடின் அடியிலும் வாய் வைக்கும் முனையிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ரப்பர் மூடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். கண்ணாடிபோல இருக்கும் மெல்லிய ஸ்டிக்கர் கண்ணுக்கே தெரியாது, நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். அது இருந்தால் மின்சாரம் போகாது.

பட்டன் உள்ள சாதனம் என்றால் பலவற்றில் அதை வேகமாக 5 தடவை அழுத்தினால்தான் இயங்கும், திரும்ப 5 தடவை அழுத்தினால் அணையும். பையில் கிடந்து தானாக அழுந்திப் பூட்டிக்கொண்ட சாதனத்தைப் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர்.

ஜூஸ் எவ்வளவு இருக்கிறது? பாடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காயிலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பஞ்சுக்கு ஜூஸ் போவது அவற்றின் வழியாகத்தான். ஜூஸ் மட்டம் அந்த ஓட்டைகளுக்குக் கீழே இறங்கிவிட்டால், பாடில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் பஞ்சுக்குக் கிடைக்காது. கால்வாசிக்கு வரும்போதே நிரப்பிவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை இழுக்க வேண்டாம்.

பாடை வெளியே எடுங்கள். அதன் அடியில் இரண்டு மூன்று உலோகப் புள்ளிகள், சாதனத்தின் பள்ளத்தில் அவற்றுக்கு நேராகச் சின்ன ஊசிகள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் தெரியும். ஆவி குளிர்ந்து இறங்கிய ஈரமும் கசிந்த ஜூஸும் சேர்ந்து அப்படிப் படிகிறது. இதுதான் மின்சாரத்தை மறிக்கிறது. டிஷ்யூவால் துடைத்துவிட்டு, காது குடையும் பட்ஸில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஊசிகளையும் புள்ளிகளையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கூரான எதையும் வைத்து ஊசிகளைக் குத்த வேண்டாம், அவை ஸ்பிரிங்கில் நிற்பவை, வளைந்தால் அதோடு போச்சு. திரும்ப மாட்டும்போது கடைசி வரை அழுத்துங்கள், பாட் அரை குறையாக உட்கார்ந்திருந்தாலும் ஆவி விட்டுவிட்டுத்தான் வரும்.

இந்தத் துடைக்கும் வேலையை வாரம் ஒரு தடவை செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

இழுத்ததும் தானாக இயங்கும் சாதனத்தில், நீங்கள் இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதை ஒரு சென்சார் கண்டுபிடித்துத்தான் காயிலுக்கு மின்சாரம் விடுகிறது. அந்தச் சென்சாருக்குக் காற்று போகும் துளை பாட் உட்காரும் பள்ளத்தின் அடியில் ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் இருக்கும். ஜூஸோ சட்டைப் பையின் பஞ்சுத் துணுக்கோ அடைத்துக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் விளக்கு எரியாது. சாதனத்தைக் கவிழ்த்து டிஷ்யூவின் மேல் மெதுவாகத் தட்டி, பள்ளத்தைத் துடைத்து, பாட் இல்லாமல் கொஞ்ச நேரம் கவிழ்த்தபடியே வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலமாக இழுப்பதுதான் பெரிய தப்பு

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிகரெட்டிலிருந்து வருகிற அத்தனை பேரும் செய்வது இதுதான். சிகரெட்டில் புகை போதவில்லை என்றால் வேகமாக இழுப்போம், நெருப்பு கனன்று புகை கூடும், பல வருஷப் பழக்கம் அது. வேப்பில் நெருப்பு இல்லை. கம்பி எவ்வளவு சூடாக வேண்டும் என்பதை முடிவுசெய்வது பேட்டரி. நீங்கள் வேகமாக இழுத்தால் கூடுவது சூடு இல்லை, காற்றுதான் கூடுகிறது. கம்பி சூடாவதற்குள் அதை அந்தக் காற்று குளிரவைக்கிறது, வருகிற கொஞ்ச ஆவியும் கரைந்துபோகிறது. அதோடு உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்குவதால் ஜூஸ் பஞ்சைத் தாண்டிக் காயிலின் நடுக்குழாய்க்குள் பாய்கிறது. இப்போது காயில் மூழ்கிவிட்டது, ஆவி இன்னும் குறைகிறது, நீங்கள் இன்னும் பலமாக இழுக்கிறீர்கள், இன்னும் மூழ்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் சாதனம் ஒன்றைக் கால் மணி நேரத்தில் இப்படிக் கெடுத்துவிடலாம்.

சரியான முறை: வாயை முனையில் வைத்து, தேநீரை உறிஞ்சுவதைவிடவும் மெதுவாக, ஒரே சீராக 3, 4 விநாடி இழுங்கள். முதலில் வாய்க்குள் சேரட்டும், அப்புறம் உள்ளே போகட்டும். அடுத்த இழுப்புக்கு முன்னால் அரை நிமிடமாவது விடுங்கள், பஞ்சு திரும்ப நனைய அந்த நேரம் வேண்டும். பெரும்பாலான சாதனங்கள் 8 அல்லது 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் தானாகவே நின்றுவிடும், விளக்கு மினுக்கும்; அது பழுது இல்லை, பாதுகாப்பு.

காயில் ஏற்கனவே மூழ்கிவிட்டது என்றால் பாடைக் கழற்றி, வாய் வைக்கும் முனையில் டிஷ்யூவை வைத்து அமுக்கிப் பிடித்து, முனை கீழே பார்க்கும்படி இரண்டு மூன்று தடவை வேகமாக உதறுங்கள். நடுக்குழாயில் நின்ற ஜூஸ் டிஷ்யூவில் வந்துவிடும். அடிப்பக்கத்தையும் துடைத்து மாட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். துடைத்த பின்னும் ஒரு மணி நேரத்தில் திரும்பவும் களகள சத்தம் வந்தால், ஜூஸ் ஊற்றும் வாயின் ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பாடில் விரிசல் இருக்கிறதா, காயில் கடைசி வரை அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது காற்று புகுந்தால் ஜூஸ் பாடில் நிற்காமல் காயிலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையம் நைந்து போயிருந்தால் புதுப் பாட் வாங்குவதுதான் வழி.

காற்று வழி

சாதனத்தின் பக்கத்தில் நகர்த்தும் குமிழ் அல்லது திருகும் வளையம் இருந்தால் அது காற்றைக் கூட்டிக் குறைப்பதற்கு. முழுக்கத் திறந்தால் இழுப்பு லேசாக இருக்கும், ஆவி ஆறிப்போய் நீர்த்து வரும். மூடிக்கொண்டே வந்தால் இழுப்பு இறுகும், ஆவி சூடாகவும் அடர்த்தியாகவும் வரும். சிகரெட்டின் இறுக்கம் பழகியவர்கள் முக்கால்வாசி மூடி வைத்துத் தொடங்கலாம். முழுக்க மூட வேண்டாம், அதுவும் காயிலை மூழ்கடிக்கும். குமிழ் இல்லாத சாதனத்தில் சில பாடுகளைத் திருப்பிப் போட்டால் காற்று அளவு மாறும், திருப்பிப் போட்டும் பாருங்கள். சாதனத்தைப் பிடிக்கும்போது விரல் காற்றுத் துளையை மறைக்கிறதா என்பதையும்.

காயில்: மாற்ற வேண்டுமா, எப்படி மாற்றுவது

காயில் என்றென்றைக்கும் இருக்கும் பொருள் இல்லை. ஒன்று அல்லது இரண்டு வாரம் தாங்கும், இனிப்பு அதிகமுள்ள ஜூஸ் என்றால் அதற்கும் முன்னால் போய்விடும், ஏனென்றால் சேர்த்திருக்கும் இனிப்பு கம்பியில் கருகிக் கருகிக் கரிப்படலமாகிறது, அந்தப் படலம் சூட்டை ஜூஸுக்குப் போகவிடாது. சந்தேகம் இருந்தால் காயிலைக் கழற்றி நடுத்துளை வழியாகப் பாருங்கள்: பஞ்சு வெள்ளையாக அல்லது ஜூஸின் நிறத்தில் இருக்க வேண்டும். காப்பிப்பொடி நிறத்தில், கம்பியின் மேல் தார் பூசியதுபோல இருந்தால் அதன் காலம் முடிந்தது. கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கருகிய பஞ்சு கழுவினால் திரும்பி வராது, அந்த நேரத்துக்குப் புதிதாகப் போட்டுவிடலாம். காயிலைத் தனியாகக் கழற்ற முடியாத பாடுகளில் பாடையே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது உங்கள் சாதனத்துக்கு உரிய காயில்தானா என்று பெயரையும் அதன் மின்தடையைக் காட்டும் ஓம் எண்ணையும் சரிபாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு சாதனங்களுக்கு வெவ்வேறு காயில் இருக்கும், பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும்.

புதுக் காயிலைப் போட்டவுடன் இழுக்காதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். காய்ந்த பஞ்சைச் சூடாக்கினால் ஒரே இழுப்பில் கருகிவிடும், அப்புறம் அந்தக் காயில் எப்போதும் கருகல் வாடைதான் வீசும். காயிலை மாட்டுவதற்கு முன்னால், பக்கவாட்டு ஓட்டைகளில் தெரியும் பஞ்சின் மேல் ஓட்டைக்கு ஒரு சொட்டு ஜூஸ் விடுங்கள், வெள்ளைப் பஞ்சு நிறம் மாறி ஈரமாவது கண்ணுக்குத் தெரியும். பாடில் மாட்டி, ஜூஸ் நிரப்பி, 10 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். கெட்டியான ஜூஸ் என்றால் 15 நிமிடம். பட்டன் உள்ள சாதனத்தில் பட்டனை அழுத்தாமல் மூன்று நான்கு தடவை மெதுவாக இழுத்தால் ஜூஸ் பஞ்சுக்குள் வர உதவும். முதல் பத்துப் பன்னிரண்டு இழுப்பு சின்னதாக இருக்கட்டும், அதில் ஆவி கொஞ்சம் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

நிரப்பிய பின்னும் கருகலாக வந்தால் காயிலின் ஓட்டையை ஒரு காற்றுக் குமிழி மறித்திருக்கலாம். பாடை விரலால் சுண்டினால் குமிழி மேலே போவதைப் பார்க்கலாம்.

ஜூஸ் பொருந்துகிறதா

ஜூஸில் இருப்பது முக்கியமாக புரொப்பிலீன் கிளைக்கால், தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் கிளிசரின், மணம், நிக்கோட்டின். புட்டியில் முதலிரண்டையும் பிஜி, விஜி என்று விகிதமாகப் போட்டிருப்பார்கள். பிஜி நீர்த்தது, தொண்டையில் பிடிக்கும். விஜி கெட்டியானது, கண்ணுக்குத் தெரியும் ஆவியைக் கொடுப்பது அதுதான்.

அப்படியானால் விஜி கூடுதலாக வாங்கினால் ஆவி கூடும் அல்லவா என்று தோன்றும். சின்னப் பாடில் நேர் எதிராகத்தான் நடக்கும். 0.8, 1.0, 1.2 ஓம் காயில்களின் ஓட்டைகள் சிறியவை, 70 சதவீதம் விஜி உள்ள கெட்டி ஜூஸ் அவற்றின் வழியாக வேகமாக இறங்காது, பஞ்சு காயும், ஆவி குறையும், கருகும். இந்த வகைக்கு இரண்டும் பாதிக்குப் பாதி உள்ள ஜூஸ்தான் சரி. 70க்கு 30 என்பது 0.5 ஓமுக்கும் அதற்குக் கீழும் உள்ள பெரிய காயில்களுக்கு. அவற்றில் போய்ப் பாதிக்குப் பாதி ஜூஸை ஊற்றினால் ஒழுகி மூழ்கும். ஓம் எண் குறையக் குறைய ஜூஸ் கெட்டியாகலாம், எண் கூடினால் நீர்த்த ஜூஸ்.

குளிர்காலத்தில் இதோடு இன்னொன்றும் சேரும். சனவரி மாதக் காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஆவி சரியாக வராவிட்டால், குளிரில் ஜூஸ் இறுகியிருக்கிறது, பேட்டரியும் குளிரில் சோர்ந்துவிடும். கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஹீட்டரின் மேலோ வெந்நீரிலோ வைத்துச் சூடாக்க வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

காலையில் நன்றாக வருகிறது, மாலையில் வரவில்லை

இது பேட்டரி விஷயம், கொஞ்சம் கணக்குப் போட்டால் தெளிவாகப் புரியும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓம் எண்ணால் வகுத்தால் வாட், அதாவது கம்பிக்குக் கிடைக்கும் சக்தி. முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். 1.2 ஓம் காயிலில் அது 14.7 வாட் கொடுக்கும். இறங்கி 3.3 வோல்ட்டுக்கு வரும்போது அதே காயிலுக்குக் கிடைப்பது 9.1 வாட் மட்டும். பேட்டரியிலிருந்து நேரடியாகக் காயிலுக்குக் கொடுக்கும் மலிவான சாதனங்களில் இதுதான் நடக்கிறது, மாலைக்குள் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சாதனத்தில் குறை இல்லை, சார்ஜ் போட்டால் சரி. வாட்டை மாறாமல் வைத்திருக்கும் சர்க்யூட் உள்ள சாதனங்கள் கடைசி வரை ஒரே மாதிரி கொடுத்துவிட்டு நின்றுவிடும், அடுத்த தடவை வாங்கும்போது அப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

காயிலின் உடம்பில் எத்தனை வாட்டில் பயன்படுத்த வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், 0.8 ஓம், 12 முதல் 16 வாட் வரை என்பதுபோல. உங்கள் சாதனத்தில் வாட் மாற்ற முடியும் என்றால் அந்த வரம்பின் கீழ் எண்ணில் தொடங்கி ஒவ்வொரு வாட்டாகக் கூட்டி, சுவையும் ஆவியும் நன்றாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வரம்புக்குக் கீழே வைத்தால் ஆவி வராது. வரம்பைத் தாண்டினால் பஞ்சு ஈடுகொடுக்காமல் கருகும். ஆவி குறைந்ததும் முதல் வேலையாக வாட்டைக் கூட்டாதீர்கள், மேலே சொன்னதையெல்லாம் பார்த்த பிறகு செய்ய வேண்டியது அது. காய்ந்த பஞ்சுக்கு அதிகச் சூடு கொடுத்தால் ஃபார்மால்டிஹைடு போன்ற நஞ்சுகள் உண்டாகும், கருகல் சுவை வந்த உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

சார்ஜ் போட 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் போதும், கம்ப்யூட்டரின் யூஎஸ்பியும் சரி. போனுடன் வந்த அதிவேக சார்ஜர் வேண்டாம். தூங்கும்போது, மெத்தையின் மேல், தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டவே வேண்டாம். சில நூறு தடவை சார்ஜ் ஆன பிறகு பேட்டரியின் கொள்ளளவு இயல்பாகவே குறையும், புதுக் காயில், சுத்தமான ஊசிகள், சரியான ஜூஸ் எல்லாம் இருந்தும் முழு சார்ஜ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தால் அந்தச் சாதனத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆவி குறைவா, நிக்கோட்டின் குறைவா?

"எனக்குப் பத்தவில்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கு ஆவி சரியாகவே வருகிறது. சின்னப் பாடில் வருவது ஏறக்குறைய சிகரெட் அளவு ஆவிதான், தெருவில் போகிறவர் விடும் பெரிய மேகம் வேறு வகைச் சாதனத்தில் வருவது. இழுத்த பின்னும் சிகரெட் ஏக்கம் அடங்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது நிக்கோட்டின் அளவு. பிரிட்டனில் சட்டப்படி ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், நிக்கோட்டின் உள்ள புட்டியும் 10 மில்லிக்கு மேல் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பிடித்தவர் 3 மில்லிகிராம் ஜூஸில் தொடங்கினால் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார், காயிலும் சீக்கிரம் போகும், மனமும் அடங்காது. எந்த அளவில் தொடங்குவது என்று புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் உள்ளூர் சேவையில் கேளுங்கள், இலவசம்தான். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையையும் சூயிங்கத்தையும் விட, சிகரெட்டைக் கைவிடுவதற்கு நிக்கோட்டின் உள்ள வேப் அதிகம் உதவுகிறது என்பதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது, ஆகவே அளவு சரியாக அமைந்தால் பலன் உண்டு.

ஆவியைக் கூட்டுகிறேன் என்று ஜூஸில் வேறு எதையும் கலக்காதீர்கள். தேங்காய் எண்ணெய், சமையல் எசன்ஸ், வைட்டமின் எண்ணெய், எதுவும் கூடாது. வயிற்றுக்குப் போகலாம் என்பதால் நுரையீரலுக்கும் போகலாம் என்று ஆகாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குத் திடீரென்று கடுமையான நுரையீரல் நோய் வந்தது, 2020 பிப்ரவரி வரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டதில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், அதில் இறப்பு 68. கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சாறு வேப்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளைத்தான் முக்கியக் காரணமாகக் கண்டார்கள். பெயர் தெரியாத புட்டியில், பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நல்ல புட்டியையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், திரவ நிக்கோட்டின் குழந்தைகளுக்கு விஷம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

விமானத்தில் வேப்பைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது. மேலே போகும்போது காற்றழுத்தம் மாறுவதால் நிறைந்த பாட் கசிந்து காயில் மூழ்கும், இறங்கியதும் ஆவி வராது. ஏறுவதற்கு முன்னால் பாடைக் காலி செய்து, சாதனத்தைத் தனியாகவும் பாடைத் தனியாகவும் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.

இது ஐரோப்பாவுக்குள் போகிறவர்களுக்கு. சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் கொண்டுபோகவே வேண்டாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம், அது 2018இலிருந்து சட்டம். அங்கே விமானம் மாறிப் போகும் பயணத்தில் இதை மறந்துவிடாதீர்கள். ஊரில் இருக்கும் நாட்களுக்கு நிக்கோட்டின் பட்டை அல்லது சூயிங்கம் வேண்டும் என்று புறப்படுவதற்குச் சில வாரம் முன்னால் மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மூன்று வாரத்தில் பழைய சிகரெட்டுக்குப் போகாமல் தப்பிக்கலாம்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்

புதுக் காயில் போட்டு, ஊசிகளைத் துடைத்து, முழு சார்ஜில், பொருந்தும் ஜூஸோடு, மெதுவாக இழுத்தும் ஆவி வரவில்லை என்றால் வாங்கிய கடைக்கு ரசீதோடு போங்கள். கடைக்காரரை அவர் கையிலிருக்கும் புதுப் பாட் ஒன்றை உங்கள் சாதனத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆவி வருகிறதா என்பதிலேயே பழுது பாடிலா சாதனத்திலா என்று தெரிந்துவிடும். சாதனம் அளவுக்கு மீறிச் சூடானாலோ, உப்பினாலோ, இனிப்பாக ரசாயன வாடை வந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜிலிருந்து எடுத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அதோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

போன சாதனத்தை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பாடைக் கழற்றி, மிச்ச ஜூஸை டிஷ்யூவில் ஊற்றிக் கட்டிப் போட்டுவிட்டு, பேட்டரிப் பகுதியை அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.